வேதாரண்யம் மணற்பாங்கில் வீட்டு ஜலத்தை மறுபடி உபயோகித்தல்

காவிரிப் படுகையின் கோடியிலுள்ள வேதாரண்யம் வட்டாரத்தில் மழைக்குக் குறைவு என்று சொல்வதற்கில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்கிறது. ஆயினும் பங்குனி பிறந்தவுடன் தண்ணீர்க் கஷ்டம் தோன்றிவிடுகிறது. மேட்டூர் அணை 1934-ல் ஏற்பட்ட பின்னரும் ஆற்றுப் பாய்ச்சல் இக்கடைமடைக்குப் பிந்தியே வந்து சேருகிறது. கொள்ளிடத்திலிருந்து குழாய் மூலம் வரும் நீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உரியது. மற்றக் காரியங்களுக்கெல்லாம் பெரும்பாலும் மணல்மேட்டுக் கிணறுகளையே நம்பவேண்டியிருக்கிறது.

இக்கிணறுகளின் இயல்பை அறிந்துகொள்ளுதல் அவசியம். மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரைவிடக் கனம் குறைந்ததாகையால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஹாலந்து, ஜெர்மனி தேசங்களின் கடற்கரைகளில் இதை ஆராய்ந்தவர்கள் கண்ட கணக்குப்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு ஓரடி மேலிருந்தால் அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்திற்கு நன்னீர் நிற்கும். மேல்மட்டம் ஓரடி குறைந்து அப்படியே நீடித்தால், கீழிருந்து உவர் 40 அடி வரை படிப்படியாக ஏறிவிடும். மோட்டார் வைத்து ஒரே இடத்தில் வேகமாக இறைக்கும்போது, அவ்விடத்தில் உவர்நீர் கூம்பு போல எழும்பிக் கிணற்றையே கெடுத்துவிடுகிறது. ஆகையால் இங்கே ஒரு குடம் நீரை இருமுறை உபயோகிப்பது, ஒரு குடம் இறைப்பைக் குறைப்பதாகும்.

அரிசி களைந்த நீரைக் கழுநீர்த் தொட்டியில் சேர்த்து மாட்டுக்கு வைப்பதை எவருக்கும் கற்பிக்கவேண்டியதில்லை. வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாக நடத்திவரும் சிக்கனம் அது. வீணாவது குளிக்கும் நீரும் துணி துவைக்கும் நீருமே. 2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயலில் தோப்புகளை இழந்தவர்கள் மறுபடி நட்ட தென்னைகளுக்கு இந்நீர் பெரிதும் உதவும். கன்றிலிருந்து சிறிது தள்ளிக் குழி வெட்டி, தேங்காய் மட்டைகளைக் குழிவான பக்கம் மேல்நோக்க அடுக்கி மணலால் மூடி, குளிக்கும் இடத்திலிருந்து அதற்கு வாய்க்கால் விடலாம். மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சவுக்காரத்தின் காரம் களிமண்ணை இறுகச் செய்யும். மணலில் அத்தீங்கு குறைவு. மழையும் அதைக் கழுவிவிடும். எனினும் ஒரே மரத்திற்கு விடாமல் முறை மாற்றிப் பாய்ச்சுதல் நலம். கருவாடு அலசிய நீரைச் செடிக்கு ஊற்றலாகாது. கீரைப்பாத்திக்குக் குளித்த நீர் ஏற்றதன்று. இந்நீரைக் குடிநீர்க் கிணற்றுக்கு 50 அடிக்குள் விடுவதும், கொசு உண்டாகும்படி தேங்கவிடுவதும் கூடாது.

மாரிக் காலத்தில் கூரைநீரையும் விடலாகாது. மழைநீர் சேகரிப்பைச் சர்க்கார் 2003-ல் கட்டாயமாக்கிய பின்பும், பல வீடுகளில் குழாய் மட்டும் நிற்கிறது, குழி தூர்ந்துவிட்டது. 20 அடிக்கு 15 அடி கூரையில் ஓரங்குல மழை பெய்தால் விழும் நீர் 25 கன அடி, அதாவது சுமார் 700 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததை மணலும் செங்கல் ஜல்லியும் இட்ட குழியில் இறக்கவேண்டும். புரட்டாசிக்குள் குழிகளைத் தூர் எடுக்கும்படி பஞ்சாயத்தார் பார்த்துக்கொள்ளலாம்.

தை மாதத்தில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பி, உப்பின் அளவைக் குறித்து வைக்கவேண்டும். ஆண்டுக்காண்டு உப்பு ஏறக் கண்டால், அக்கிணற்றில் மோட்டாரை நிறுத்தி, அடுத்த மழை வரை வாளியால் மட்டுமே இறைத்துக்கொள்ளவேண்டும்.