மலை தாண்டிப் போன கால்பந்து!

கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அதற்கு அப்பால் கேரளா. அங்கிருந்துதான் முல்லைப் பெரியாறு தண்ணீர் நம் வயல்களுக்கு வருகிறது. நம் தமிழ்நாட்டில் இருந்து கேரளாவுக்குப் போனது என்ன தெரியுமா? கால்பந்து வித்தை!

சொல்லிக் கொடுத்தவர் சைமன் சுந்தரராஜ். தமிழ்நாட்டு வீரர். 1960ல் ரோம் ஒலிம்பிக் சென்ற இந்தியக் கால்பந்து அணியில் இருந்தவர். பலமான பிரான்ஸ் அணியுடன் 1-1 என டிரா செய்த அணி அது. அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை.

மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை 1941ல் தொடங்கியது. கேரளாவுக்கு அந்தக் கோப்பை வெகுகாலம் எட்டாக்கனி. 1973ல் அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தார் சைமன். டிசம்பரில் எர்ணாகுளத்தில் இறுதிப்போட்டி. எதிரே ரயில்வே அணி. கேப்டன் மணி 3 கோல் அடிக்க, 3-2 என்று கேரளா முதல் முறையாக ஜெயித்தது. மறுநாள் மாநிலம் முழுக்க லீவு!

கோல் அடித்தவரைத் தோளில் தூக்குவோம். கோட்டுக்கு வெளியே நின்று கற்றுக் கொடுத்தவரை? பலர் மறந்துவிடுகிறோம். அடுத்த முறை உங்கள் பள்ளி அணி ஜெயித்தால், பி.டி. சாருக்கு முதலில் நன்றி சொல்லுங்க. சரியா?