பழைய டிவிடி பெட்டியில் கிடக்கா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வெயிலைச் சொல்லவே வேண்டாம். அந்தச் சூட்டில் வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடக்கும் டிவிடி இன்னும் ஓடுமா?

எது தாங்கும்?
ஒரிஜினல் சினிமா டிவிடியில் படம் அச்சாகப் பதிந்திருக்கும். கல்யாண வீடியோ டிவிடி அப்படி இல்லை. சாயப் பூச்சின் மேல் லேசரால் எழுதியது. சூடும் வெளிச்சமும் பட்டால் சாயம் கெடும், படமும் போய்விடும். அதனால் முதலில் அதை ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்க.

எதில் தெளிவு?
* விசிடி: 352x288 புள்ளிகள்
* டிவிடி: 720x576
* ப்ளூ-ரே: 1920x1080. அதாவது டிவிடியைப் போல 5 மடங்கு
* 4கே ப்ளூ-ரே: 3840x2160

அதான் ஓடிடி இருக்கே?
இருக்கு. ஆனால் உரிமம் முடிந்தால் படம் அங்கிருந்து காணாமல் போகலாம். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். நீக்கப்பட்ட காட்சிகள், இயக்குநர் விளக்கம் என ஸ்பெஷல் எடிஷனில் வருபவை பல நேரம் ஓடிடியில் கிடைப்பதில்லை. 2015-ல் சேரன் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியிலேயே வெளியிட்டார்.

எப்படி வைப்பது?
வெயில் படாத அலமாரியில், உறைக்குள், செங்குத்தாக நிறுத்தி வைங்க. ஓடும் பிளேயர் இருந்தால் அதையும் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க!