டிங்கரிங், பெயின்டிங் வேலைக்குப் புதுசா போறீங்களா? ஸ்பானரைப் பிடிப்பதற்கு முன் தெரிய வேண்டியவை

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைத் தாண்டினால் கார், லாரி, பைக் எல்லாமே தயாராகும் ஊர்கள். புது காரை வேண்டுமென்றே மோதவிட்டுச் சோதிக்கும் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆனால் ரோட்டில் நிஜமாகவே மோதிய கார், பெரும்பாலும் நாலைந்து பேர் வேலை பார்க்கும் ஷெட்டுக்குத்தான் போகிறது. அங்கே புதிதாகச் சேரும் 18 வயதுப் பையனுக்குப் பாதுகாப்புப் பயிற்சி யார் தருகிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் பொருந்தியது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 20 ஆக உயர்த்தியது. நாலு பேர் ஷெட் இரண்டிலும் வராது. அதனால் அங்கே பயிற்சி என்பது சீனியர் அண்ணன் சொல்லிக் கொடுப்பது மட்டும்தான். அவருக்குத் தெரியாதது பையனுக்கும் தெரியாது. அப்படி விடுபடும் விஷயங்களில் முக்கியமானது பெயின்ட்.

கர்ச்சீப் ஏன் போதாது?

இன்றைய கார் பெயின்ட்டில், குறிப்பாக மேலே பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் கோட்டில், ஹார்டனர் கலப்பார்கள். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். 1984-ல் போபாலில் கசிந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மீத்தைல் ஐசோசயனேட்தான். பெயின்ட்டில் இருப்பது அதே பொருள் அல்ல, அவ்வளவு கொடியதும் அல்ல. ஆனால் ஸ்ப்ரே செய்யும்போது நுண்துளியாக நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையக் கணக்குப்படி, அங்குள்ள வாகனப் பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வரும் அபாயம் மற்ற தொழிலாளர்களைவிடச் சுமார் 80 மடங்கு அதிகம்.

"நாத்தம் வரலையே, ஒண்ணும் ஆகாது" என்பது தப்புக் கணக்கு. மூக்கில் வருவது பெரும்பாலும் தின்னர் வாசனை. ஐசோசயனேட் ஆபத்தான அளவில் இருந்தாலும் வாசனை தெரியாமல் போகலாம். இன்னொரு சிக்கல், உடம்பு ஒருமுறை இதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். பலர் பெயின்டிங் தொழிலையே விட வேண்டிவரும்.

கர்ச்சீப், துணி மாஸ்க், தூசு மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசமே சரியான பாதுகாப்பு. ஃபினிஷ் பார்க்க நடுவில் அதைத் தூக்கக் கூடாது. ஸ்ப்ரே நின்ற பிறகும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் நிற்கும். தோல் வழியாகவும் பாதிப்பு வரலாம் என்பதால் கையுறை அவசியம். தின்னரில் கை கழுவும் பழக்கத்தை விட வேண்டும்.

வேலை நாள் சாயங்காலமோ ராத்திரியோ இருமலும் நெஞ்சு இறுக்கமும் வந்து, லீவு நாளில் குறைகிறதா? டாக்டரிடம் "பெயின்டிங் வேலை பார்க்கிறேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

மோதிய காருக்குள் என்ன இருக்கு?

இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். விபத்தில் விரியாத ஏர்பேக்குக்குள் வெடிமருந்து அப்படியே இருக்கும். டேஷ்போர்டு, ஸ்டீயரிங், சீட் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி, தயாரிப்பு நிறுவனம் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். கழற்றிய ஏர்பேக்கை விரியும் பக்கம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும், கவிழ்த்து வைக்கக் கூடாது.

ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அது ஹைபிரிட் அல்லது மின்சார வாகனத்தின் உயர் மின்னழுத்த லைன். அதற்கெனப் பயிற்சி பெறாதவர் தொடவே கூடாது.

கிரைண்டரும் செயினும்

நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். வீலின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் பறக்கிறது. இடைஞ்சல் என்று கார்டைக் கழற்றினால், உடையும் துண்டும் அதே வேகத்தில் முகத்துக்கு வரும். வளைந்த பாடியைச் செயின் போட்டு இழுக்கும்போது செயினுக்கு நேராக நிற்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தின்னர் டப்பா இருக்கக் கூடாது.

முறையாகக் கற்க வழி இருக்கா?

ஐடிஐ பாடத்திட்டத்தில் வாகன பாடி ரிப்பேர், வாகனப் பெயின்டிங் இரண்டும் தனித்தனி ஓராண்டுப் பிரிவுகள். பாதுகாப்புப் பாடத்தோடுதான் பயிற்சி தொடங்கும். எல்லா ஐடிஐயிலும் இவை இருக்காது, சேரும் முன் விசாரிக்கவும்.

நேராக ஷெட்டில் சேர்பவர்கள் முதல் நாளே இதைக் கேட்கலாம்:

* பெயின்ட் அடிக்கத் தனி இடமும் காற்றுக்குழாய் முகக்கவசமும் இருக்கா?
* பேட்டரியைக் கழற்றுவது யார் பொறுப்பு?
* தீயணைப்பான் எங்கே இருக்கு?
* மின்சார வண்டி வந்தால் யார் தொடுவாங்க?

"இதெல்லாம் எதுக்குப்பா" என்பதுதான் பதில் என்றால், அந்த ஷெட்டில் ஸ்ப்ரே கன்னைக் கையில் வாங்க அவசரப்பட வேண்டாம்.