மகிழுந்தைத் தரையோடு பிடித்த காற்று

மாணவர்களே, பேருந்து வேகமாக வளைவில் திரும்பும்போது உங்கள் உடல் ஒரு பக்கம் சாயும் அல்லவா? பந்தய மகிழுந்து அதைவிட மிக வேகமாகத் திரும்புகிறது. அது சறுக்கிவிடாமல் காப்பது, டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு.

தரையை அழுத்தும் விசை கூடினால் உராய்வும் கூடும். அப்படியானால் மகிழுந்தின் பொருண்மையைக் கூட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், பொருண்மை கூடினால் மகிழுந்தைத் திருப்பவும் நிறுத்தவும் கூடுதல் விசை தேவைப்படும். அதனால் பயனில்லை. பொருண்மையைக் கூட்டாமல் அழுத்தும் விசையை மட்டும் கூட்ட முடியுமா?

இக்கேள்விக்கு விடை தேடியது, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள மிட்லண்ட் நகரில் இயங்கிய ஷாப்பரல் குழு. இயந்திரப் பொறியியல் படித்த பந்தய ஓட்டுநர் ஜிம் ஹாலும் ஹாப் ஷார்ப்பும் 1962இல் இதைத் தொடங்கினர்.

விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. அதைத் தலைகீழாகப் பொருத்தினால் கீழே அழுத்தும். 1966இல் வந்த ஷாப்பரல் 2இ மகிழுந்தின் பின்புறம், இரண்டு உயரமான கம்பங்களின் மேல் அத்தகைய இறக்கை நின்றது. நேரான பாதையில் ஓட்டுநர் இடக்காலால் ஒரு மிதியை அழுத்துவார். இறக்கை கிடையாகி, காற்றின் தடை குறையும். வளைவு வந்ததும் காலை எடுப்பார். இறக்கை மீண்டும் சாய்ந்து, மகிழுந்தைத் தரையோடு அழுத்தும்.

ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. வேகம் பாதியானால் இறக்கை தரும் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். மெதுவான வளைவுகளில் என்ன செய்வது?

1970இல் ஹாலின் குழு 2ஜே மகிழுந்தைக் கொண்டுவந்தது. அதன் பின்புறம் இரண்டு பெரிய விசிறிகள் இருந்தன. அவற்றைச் சுழற்றத் தனியாக ஒரு சிறிய இயந்திரம் உண்டு. விசிறிகள் அடியிலுள்ள காற்றை உறிஞ்சின. ஓரங்களில் தொங்கிய தடுப்புகள் வெளிக்காற்று உள்ளே புகாமல் தடுத்தன. அடியில் காற்றழுத்தம் குறைந்ததால், மேலிருந்த காற்றழுத்தம் மகிழுந்தைத் தரையோடு அழுத்தியது. வேகம் குறைந்தாலும் இந்தப் பிடி குறையவில்லை!

முதல் பந்தயத்திலேயே ஜாக்கி ஸ்டுவர்ட் அதில் மிக வேகமான சுற்றைப் பதிவு செய்தார். எனினும் அடிக்கடி பழுதானதால் 2ஜே ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. போட்டிக் குழுக்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த ஆண்டோடு அது தடை செய்யப்பட்டது.

ஆனால் ஹாலின் சிந்தனை மறையவில்லை. நேரான பாதையில் காற்றுத் தடையைக் குறைக்கும் அசையும் இறக்கை, 2011இல் ஃபார்முலா 1 பந்தயங்களில் அனுமதிக்கப்பட்டது.

விதிகளுக்குள் நின்று புதுமை செய்தவரைப் பிறகு விதியை மாற்றித் தடுப்பது நியாயமா? அல்லது எல்லாருக்கும் சமமான போட்டி வேண்டும் என்பது நியாயமா? வகுப்பில் நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.