லாரியின் அடியில் கேட்கும் ஓசை

நூல் சிப்பங்களை ஏற்றி வரவும், சேலைக் கட்டுகளை விற்பனை நிலையத்திற்கு அனுப்பவும், வாழைத்தாரையும் தக்காளிக் கூடைகளையும் விடியுமுன் சந்தைக்குச் சேர்க்கவும் சொந்தத்தில் ஒரு பழைய லாரியை வைத்திருக்கும் சங்கங்கள் பல உள. வண்டி முதிர்ந்துவிட்டால் என்றேனும் ஒரு நாள் அதன் அடியிலிருந்து இனம் தெரியாத ஓசை ஒன்று கிளம்பும். அதைக் குறித்து நிர்வாகக் குழு எடுக்கும் தீர்மானம் சில நூறு ரூபாயிலும் முடியலாம். பல்லாயிரம் ரூபாயையும் விழுங்கலாம். தறியில் ஒரு மிதி பிசகினாலும் ஓசையைக் கொண்டே கண்டுகொள்ளும் நம் அங்கத்தினர்கள், லாரி விஷயத்தில் மட்டும் காதை மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிடுவது ஏனோ நமக்கு விளங்கவில்லை.

தணிக்கைக்காக நாம் சென்றிருந்த நெசவாளர் சங்கம் ஒன்றில், பின் அச்சின் கிரௌன், பினியன் பற்சக்கரங்களை மாற்றுவதற்கான மதிப்பீடு குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. வண்டி 1986-ல் வெளிவந்த டாடா 407 வகையைச் சேர்ந்தது. பல கைகள் மாறி வந்தது. மதிப்பீட்டுத் தொகையோ, அடுத்த மாதப் பாவு நூல் வாங்குவதற்கென ஒதுக்கியிருந்த பணத்தில் பெரும் பகுதி. மதிப்பீட்டில் “பின்புறம் சத்தம்” என்ற இரண்டு சொற்களே காரணமாகக் கண்டிருந்தன. ஓட்டுநரை அழைத்து விசாரித்தோம். “ஐயா, ஒரே சீராக ஓடும்போது சத்தம் இல்லீங்க. மிதியை விட்டு மறுபடி மிதிக்கும்போதுதான் ‘டங்’ என்கிறது. முதல் கியரில் கிளம்பும்போதும் அப்படித்தான்” என்றார். அவரை அதுவரை ஒருவரும் கேட்கவில்லையாம்!

பற்சக்கரம் தேய்ந்தால் பெரும்பாலும் ஊளையிடும். குறிப்பிட்ட வேகத்தில் எழுந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் மாறுவது அவ்வூளையின் இயல்பு. இங்கு ஊளையே இல்லை. விசை திசை மாறும் கணத்தில் மட்டும் எழும் ஒற்றை அடி, எங்கோ ஓர் இணைப்பில் தளர்ச்சி உண்டு என்பதற்கு அடையாளம். டிபரென்ஷியலுக்குள்ளே தேய்மானம் மிகுந்தாலும் இவ்வோசை வரக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் திறக்க வேண்டாத இடங்களை முதலில் பார்த்து, திறக்க வேண்டிய இடத்தை இறுதிக்கு வைப்பதுதானே முறை?

கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டின் முனைகளில் ‘கிராஸ்’ எனப்படும் சிலுவை வடிவான இணைப்பு உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, இணைப்பின் இரு பக்கத்தையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்க்க வேண்டும். கட்டை வைப்பதில் அசட்டை கூடாது. பழைய ஜீப்புகள் சிலவற்றில் கைபிரேக்கே இந்தத் தண்டின்மீதுதான் வேலை செய்கிறது. அவ்வண்டியில் பின்முனைக் கிராஸ் கைக்குத் தெரியும்படி ஆடியது. அதன் மூடிகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தது. உள்ளிருக்கும் ஊசி போன்ற உருளைகள் கிரீஸின்றி உலர்ந்து அரைபட்டதன் சாட்சி அப்பொடி. கிராஸ் மாற்றப்பட்டது; ‘டங்’ நின்றது.

ஆனால் விவகாரம் அத்துடன் தீரவில்லை. 45 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் வண்டி முழுவதும் நடுங்கலாயிற்று. “அன்றே சொன்னோம், டிபரென்ஷியல்தான்” என்று பட்டறையார் மறுபடியும் மதிப்பீட்டை நீட்டினர். இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம் அவசியமாகிறது. இரு தண்டுகள் கோணத்தில் இணையும்போது, முதல் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் இரண்டாவது தண்டு ஒரு சுற்றுக்கு இரு முறை சற்று விரைந்தும் இரு முறை சற்றுத் தளர்ந்தும் சுழலும். 17-ஆம் நூற்றாண்டில் இவ்விணைப்பை ஆராய்ந்த ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானியின் பெயரால் இது ஹூக் இணைப்பு என்றும் வழங்குகிறது. முன்முனையில் விளையும் இந்த ஏற்றத்தாழ்வைப் பின்முனை இணைப்பு நேர்செய்துவிடும். அதற்குத் தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருத்தல் வேண்டும். தண்டின் நடுவே நீண்டு சுருங்கும் பல்வெட்டுப் பகுதியைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் அந்த ஒழுங்கு கெடும். கழற்றுமுன் இரு பகுதிகளின் மேலும் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுத்திருந்தால் இத்தவறு நேர்ந்தே இராது. தண்டைத் திரும்பக் கழற்றிக் கவைகளை நேராக மாட்டியபின் நடுக்கம் அடங்கியது. பாவு நூலுக்கான பணம் பாவு நூலுக்கே போயிற்று.

எல்லா ஓசையும் இவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. வண்டி நிற்கும்போது என்ஜினை மட்டும் ஓடவிட்டுக் கேட்பது முதற்படி. அப்போதே இரைச்சல் இருந்து, கிளட்சை மிதித்தவுடன் அடங்கினால், கியர்ப் பெட்டியின் முன்பக்கத்து பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஓடும்போது குறிப்பிட்ட கியர்களில் மட்டும் இரைந்து, நேர்விசைக் கியரில் அடங்கினால் கோளாறு கியர்ப் பெட்டியினுள் இருக்கலாம். பழைய நான்கு கியர் வண்டிகளில் நான்காவதே நேர்விசைக் கியர், அதில் விசை பக்கத்துப் பற்சக்கரங்களைச் சுற்றாமல் நேரே பின்செல்கிறது. சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலில் விட்டும் ஓசை தொடர்ந்தால் சக்கர பேரிங், டயர், தண்டு, பின் அச்சு ஆகியவற்றையே ஆராய வேண்டும். இதை இறக்கத்தில் செய்யலாகாது. என்ஜினை அணைக்கவும் கூடாது, பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை போய்விடும்.

சாலையின் மேற்பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் அது டயரின் வேலை. இடப்புறம் வளையும்போது பாரம் வலப்புறச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. அப்போது ஓசை கூடினால் வலப்புற பேரிங்கையும், வலப்புறம் வளையும்போது கூடினால் இடப்புற பேரிங்கையும் பார்க்கவேண்டும்.

எண்ணிப் பார்ப்பதிலும் ஒரு பயன் உண்டு. சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நகர்வதாகவும், தண்டு ஐந்து முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழல்வதாகவும் கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு நாலரை முறைக்குச் சற்றுக் குறைவாகவும், தண்டு சுமார் 22 முறையும் சுழலும். விரலால் தாளம் போடக்கூடிய ஓசை சக்கரத்தைச் சேர்ந்தது. தாளத்துக்கு அகப்படாமல் அதிர்வாகத் தோன்றுவது தண்டைச் சேர்ந்தது. கணக்கு வாத்தியாருக்குக் கோபம் வராத அளவுக்கு இது சரியாகவே இருக்கும்.

டிபரென்ஷியலைப் பிரிக்குமுன் அதன் எண்ணெயைப் பார்ப்பதும் கடமை. அடிமூடியின் காந்தத்தில் மை போன்ற மெல்லிய பசை ஒட்டியிருந்தால் அச்சமில்லை. விரலுக்கு உறுத்தும் இரும்புச் சில்லுகள் இருந்தால் மட்டுமே பட்டறையாரின் மதிப்பீட்டில் நியாயம் உண்டு. பிரித்து மாற்றும்படி ஆனால், கழற்றிய பழைய உறுப்புகளைச் சங்கத்திற்குத் திரும்பப் பெற்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். எந்த வேகத்தில், எந்தக் கியரில், பாரத்துடனா வெறும் வண்டியாகவா ஓசை கேட்டது என்று ஓட்டுநர் எழுதிய குறிப்பை மதிப்பீட்டுடன் இணைக்கச் சொல்வதும் காரியதரிசியின் உரிமையே. இப்போது கைப்பேசியில் ஓசையைப் பதிந்தும் வைக்கலாம். ஆனால் பதிவு செய்கிறேன் என்று ஓடும் வண்டியின் அடியில் ஒருவரையும் புகவிடக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிப் புகுவதும் அவ்வாறே.

கிராஸ் ஆடுகிறதென்று தெரிந்தபின் “இந்த ஒரு நடை மட்டும்” என்று பாரம் ஏற்றுவது பேராபத்து. தண்டின் முன்முனை அறுந்து விழுந்தால் அது சாலையில் ஊன்றி வண்டியையே தூக்கிவிடக்கூடும். அதைத் தடுக்கத் தண்டின் கீழே ஓர் இரும்பு வளையம் பொருத்துவதுண்டு. பழைய வண்டிகளில் யாரேனும் அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம். அடுத்த முறை கிரீஸ் இடும்போது அது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுக.