சைக்கிள் கடை இணையத்துக்குப் போனபோது

பிரிட்டனில் சைக்கிள் வியாபாரத்தை இணையத்துக்குக் கொண்டுபோனவை இரண்டு சிறு கடைகள். ஒன்று, இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுக நகரமான போர்ட்ஸ்மத்தில் இருந்த பட்லர்ஸ் சைக்கிள்ஸ். அதை நடத்திவந்த மிட்ச் டால், ஹார்வி ஜோன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1999-இல் ‘விகிள்’ என்ற இணையக் கடையைத் தொடங்கினார். மற்றொன்று வட அயர்லாந்தின் பாலினூர் என்ற சிற்றூரில் ஜார்ஜ், ஜானிஸ் வாட்சன் தம்பதி 1984-இல் வங்கியில் 1,500 பவுண்டு கடன் வாங்கித் திறந்த கடை. பிறகு அது ‘செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ்’ என்று பெயர் மாறியது. மலைச் சைக்கிள் இதழ்களில் விளம்பரம் கொடுத்து, தபாலில் பாகங்கள் அனுப்பிப் பழகியிருந்த கடை அது. இணையம் வந்தபோது அந்தப் பழக்கம் அப்படியே கைகொடுத்தது.

இரு கடைகளும் வளர்ந்தது முழுச் சைக்கிளை விற்றல்ல, பாகங்களை விற்றுத்தான். செயின், டியூப், டயர், பிரேக் கட்டை, கியர் போன்றவற்றுக்கு மாடல் எண்ணும் அளவும் உண்டு. வாங்குபவருக்குத் தேவையான எண் தெரிந்துவிட்டால் கடைக்காரரிடம் கேட்க ஒன்றும் இல்லை. எடை குறைவு, சிறு உறையில் அடங்கும், வழியில் உடையாது. முழுச் சைக்கிளைவிடப் பாகங்களிலும் உடைகளிலும் லாப விகிதமும் அதிகம். ஊர்க் கடை நூறு வகைச் செயினைக் கையிருப்பில் வைக்க முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே கிடங்கு வைத்திருப்பவருக்கு அது முடியும். அரிய பாகம் ஒன்றைத் தேடி அலைந்துகொண்டிருந்த ஆர்வலருக்கு இந்தக் கடைகள் பெரிய வரமாக இருந்தன.

விலையும் ஈர்த்தது. மொத்தமாக வாங்குபவருக்கு விலை குறையும் என்பது எல்லா வியாபாரத்துக்கும் பொது. சைக்கிள் துறையில் இன்னொரு வழியும் இருந்தது. ஷிமானோ போன்ற பாகத் தயாரிப்பாளர்கள் சைக்கிள் ஆலைகளுக்குக் கொடுக்கும் விலை, சில்லறைக் கடைகளுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. ஆலைகளில் மிஞ்சிய சரக்கும், விலை மலிவான நாட்டின் விநியோகஸ்தரிடமிருந்து வந்த சரக்கும் இணையச் சந்தைக்கு வந்து சேர்ந்தன. ஊர்க் கடைக்காரர் விநியோகஸ்தரிடம் கொடுக்கும் கொள்முதல் விலையைவிட இணையத்தின் விற்பனை விலை குறைவாக இருந்த நாட்கள் உண்டு.

கடல் கடந்த வாடிக்கையாளர்களுக்கு வரியும் சாதகமாக அமைந்தது. ஏற்றுமதிச் சரக்குக்குப் பிரிட்டனின் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி கிடையாது. ஆஸ்திரேலியாவோ 1,000 ஆஸ்திரேலிய டாலருக்கு உட்பட்ட இறக்குமதிப் பார்சல்களுக்குச் சரக்கு சேவை வரி வசூலிக்கவில்லை. சிட்னிக்காரர் தன் தெருக்கோடிக் கடையில் வரியோடு வாங்கியதை, உலகின் மறுமுனையிலிருந்து வரியே இல்லாமல் வரவழைத்தார். 2008-க்குப் பின் பவுண்டின் மதிப்பு சரிந்தது விலையை இன்னும் இறக்கியது. பல மொழிகளில் தளம், பல நாணயங்களில் விலை, பார்சலுக்குள் ஒரு சின்ன ஹரிபோ மிட்டாய்ப் பொட்டலம் என்று விகிள் வளர்ந்தது. முகம் தெரியாத கடையை வாடிக்கையாளர் நினைவில் வைத்துக்கொள்ள அந்த மிட்டாய் போதுமானதாக இருந்தது. 2011-இல் பிரிட்ஜ்பாயின்ட் என்ற முதலீட்டு நிறுவனம் விகிளை 180 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது.

இந்தச் சாதகங்கள் எதுவும் கடைக்குச் சொந்தமானவை அல்ல என்பதை அப்போதே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அயல்நாட்டு வரி விலக்கு அந்த நாட்டு அரசின் கையில். மலிவுச் சரக்கு தயாரிப்பாளரின் கையில். ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல் சிறு பார்சல்களுக்கும் 10 சதவீத வரி விதித்தது. அதே ஆண்டில் ஷிமானோ பாகங்களை வட அமெரிக்காவுக்கு அனுப்புவதையும் பிரிட்டிஷ் இணையக் கடைகள் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரே ஆண்டில் இரண்டு பெரிய சந்தைகளில் அவற்றின் விலைச் சாதகம் தேய்ந்தது.

முழுச் சைக்கிளை இணையத்தில் விற்பது இதைவிடக் கடினம். பெட்டிக்குள் போவது முழுச் சைக்கிள் அல்ல. ஹேண்டில்பார் திருப்பிக் கட்டப்பட்டிருக்கும், பெடல்களும் சீட்டும் கழற்றி வைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் முன் சக்கரமும் தனியாக இருக்கும். வீட்டில் பிரித்தவர் இவற்றைப் பூட்ட வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் முடுக்கப்படுவது என்று தெரியாதவர் அதை வலுவாகத் திருகி மரையையே தேய்த்துவிடுகிறார். கார்பன் சட்டத்தில் சீட் கம்பியை அளவுக்கு மீறி இறுக்கினால் சட்டம் விரிசல் விடும்; தளர்வாக விட்டால் சீட் இறங்கும். டிஸ்க் பிரேக் உரசல், கியர் ஒத்துவராமை, வீலில் பெண்டு ஆகியவை ஓட்டிப் பார்த்த பிறகே தெரியும். கடையில் மெக்கானிக் பேசாமல் செய்து முடிக்கும் இந்த வேலைக்கு இணைய விலைப்பட்டியலில் இடமில்லை. ஆனால் அந்த வேலையை யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டும்.

அளவு அடுத்த சிக்கல். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளமும் கை நீளமும் வேறுபடும். கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் நிமிடத்தில் தீரும் சந்தேகம் இது. பலர் ஊர்க் கடையில் ஏறிப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டு இணையத்தில் ஆர்டர் கொடுத்தார்கள். பிறகு பூட்டித் தரச் சொல்லி அதே கடைக்கே பெட்டியைத் தூக்கி வந்தார்கள். கடைக்காரர்களின் கசப்பு நியாயமானதே. அளவு பார்க்கச் செலவான அவர்களின் அரை மணி நேரத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

திருப்பி அனுப்பும் செலவு வேறு. தொலைவிலிருந்து வாங்கும் பொருளை, கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமையை 2014 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள பிரிட்டிஷ் விதிகள் தருகின்றன. டி-ஷர்ட் திரும்பி வந்தால் மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். சைக்கிள் திரும்பி வந்தால் கீறல் பார்த்து, துடைத்து, மறுபடி பெட்டி கட்ட வேண்டும். புதிது என்ற விலையும் போய்விடும். பெட்டி பெரிதாக இருப்பதால் கூரியர் கட்டணமும் அதிகம், அடிபடும் வாய்ப்பும் அதிகம். நெதர்லாந்தின் வான்மூஃப் நிறுவனம் 2016 வாக்கில் தன் சைக்கிள் பெட்டிகளின் மேல் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியின் படத்தை அச்சடித்தது. டி.வி. என்று நினைத்து ஆட்கள் பதமாகக் கையாண்டதால் சேதம் 70 முதல் 80 சதவீதம் வரை குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. அதே நிறுவனம் 2023 ஜூலையில் திவாலானது. அதன் மின்சைக்கிள்களின் தனிச்சிறப்பான பாகங்களை ஊர் மெக்கானிக்குகள் எளிதில் வாங்கவோ பழுது பார்க்கவோ முடியாததால், வாங்கியவர்கள் தவித்துப் போனார்கள். பெட்டிக்குக் காட்டிய அக்கறையைப் பழுதுபார்ப்பிலும் காட்டியிருந்தால் அவர்களுக்கு அந்த நிலை வந்திருக்காது.

பெரிய பிராண்டுகளும் வழிவிடவில்லை. டிரெக், ஜயன்ட், ஸ்பெஷலைஸ்டு போன்றவை தங்கள் சைக்கிளை விற்பனையாளர் பூட்டி, ஓட்டிப் பார்த்து, கையில் கொடுக்க வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்தின. டிரெக்கும் ஜயன்ட்டும் 2015-இல் அமெரிக்காவில் இணையத்தில் ஆர்டர் வாங்கத் தொடங்கியபோதுகூட, சைக்கிளை வாடிக்கையாளர் கையில் சேர்ப்பதைத் தங்கள் கடைகளிடமே விட்டன. ஆகவே இணையக் கடைகள் சொந்த பிராண்டுகளை வளர்க்க வேண்டியிருந்தது. செயின் ரியாக்‌ஷனிடம் வைட்டஸ், நியூக்ப்ரூஃப் ஆகிய சைக்கிள் பிராண்டுகளும், விகிளிடம் டிஎச்பி என்ற உடை பிராண்டும் இருந்தன. இந்த வழியின் முழு வடிவம் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்துக் கேன்யன். ரோமன் ஆர்னால்டும் அவர் சகோதரரும் 1985-இல் தொடங்கிய பாகக் கடை, 2002-இல் கேன்யன் என்று பெயர் மாறி, தானே வடிவமைத்த சைக்கிள்களை இடைக்கடை இல்லாமல் நேரே விற்றது. இடையில் யாரும் இல்லாததால் மிஞ்சிய காசில், உடல் அளவுகளைக் கேட்டுச் சட்ட அளவைச் சொல்லும் தளத்தையும் பாதுகாப்பான பெட்டியையும் அதனால் உருவாக்க முடிந்தது. பிறர் பிராண்டை விற்கும் கடைக்கு அந்த மிச்சம் கிடைக்காது.

இன்னொரு பாதையில் நடந்தது ஹால்ஃபோர்ட்ஸ். 1892-இல் பர்மிங்ஹாமில் வன்பொருள் வியாபாரமாகத் தொடங்கி, 1902-இல் லெஸ்டர் நகரின் ஹால்ஃபோர்ட் தெருவில் திறந்த கடையால் பெயர் பெற்ற நிறுவனம் அது. காருக்கான பொருட்களையும் சைக்கிளையும் நாடு முழுவதும் நானூறுக்கு மேற்பட்ட கடைகளில் விற்றுவந்தது. இணையம் வந்தபோது அந்தக் கடைகளைச் சுமையாகக் கருதாமல் பட்டுவாடா நிலையங்களாக மாற்றியது. தளத்தில் பதிவு செய், கடைக்கு வந்து எடுத்துக்கொள் என்ற முறையில், 2010-களில் அதன் இணைய ஆர்டர்களில் பத்தில் எட்டுக்கு மேல் கடையில்தான் கைமாறின. சைக்கிளைப் பூட்டி வைத்திருப்பார்கள். வாங்குபவர் ஏறிப் பார்ப்பார். ஹெல்மெட்டும் பூட்டும் விளக்கும் அங்கேயே சேர்ந்து விற்கும். 2013-இல் அறிவித்த திட்டத்தில் தளத்தைப் புதுப்பிப்பதோடு கடை ஊழியர்களின் பயிற்சிக்கும் ஹால்ஃபோர்ட்ஸ் இடம் கொடுத்தது. தளமும் மெக்கானிக்கும் ஒரே முதலீட்டின் இரு பகுதிகள் என்ற இந்தப் புரிதலே அதன் பலம். 2014-இல் போர்ட்மன் என்ற சைக்கிள் பிராண்டை வாங்கியது. 2016-இல் வேல்ஸின் ஸ்வான்சீயைச் சேர்ந்த ட்ரெட்ஸ் என்ற இணையக் கடையையும் வாங்கி, விலை உயர்ந்த சைக்கிள்களுக்கு அதைப் பயன்படுத்தியது.

கடைகள் இருந்தால் மட்டும் போதும் என்றும் இதைப் படிக்கக் கூடாது. லண்டனில் 1921-இல் தொடங்கிய எவன்ஸ் சைக்கிள்ஸிடம் நல்ல மெக்கானிக்குகளும் நல்ல இடங்களில் கடைகளும் இருந்தன. வாடகைச் சுமையும் விலைப் போட்டியும் அதை அழுத்தின. 2018 அக்டோபரில் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் குழுமம் சுமார் 8 மில்லியன் பவுண்டுக்கு அதை எடுத்துக்கொண்டது.

இதற்கிடையே 2016-இல் விகிளும் செயின் ரியாக்‌ஷனும் இணைந்தன. செலவைக் குறைக்க, வட அயர்லாந்துக் கிடங்கின் வேலையை இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் பகுதிக்கு மாற்றினார்கள். ஒரே கிடங்கு என்பது அன்றைய கணக்கில் சரியே. ஆனால் 2021 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியேறியதும் கணக்கு தலைகீழானது. ஆசியாவில் செய்து பிரிட்டனுக்கு வந்த சரக்கை மறுபடி ஐரோப்பாவுக்கு அனுப்பினால் அங்கே புதிதாகச் சுங்கம். முழுச் சைக்கிளுக்கு அது 14 சதவீத அளவில். சரக்குப் போக்குவரத்தில் ஐரோப்பியச் சந்தையோடு ஒட்டி நின்ற வட அயர்லாந்திலோ அவர்களுக்கு அப்போது கிடங்கு இல்லை.

பெருந்தொற்றுக் காலம் இந்தப் புண்ணை மறைத்தது. 2020 மார்ச் ஊரடங்கில் பிரிட்டிஷ் அரசு சைக்கிள் கடைகளை அத்தியாவசியப் பட்டியலில் வைத்தது. பேருந்தையும் ரயிலையும் தவிர்த்த மக்கள் சைக்கிள் தேடினார்கள், கிடங்குகள் காலியாயின. பாகங்களுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தபோது, பல கடைகள் தேவைக்கு மீறி ஆர்டர் போட்டன. அந்தச் சரக்கு வந்து இறங்கிய 2022-இல் மக்கள் அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தார்கள், விலைவாசி ஏறியிருந்தது, தேவை விழுந்திருந்தது. கிடங்கில் நிற்கும் சைக்கிள் ஒவ்வொன்றும் முடங்கிய பணம். அடுத்த ஆண்டு மாடல் வந்துவிட்டால் தள்ளுபடியில்தான் போகும். ஊர்க் கடையில் ஐம்பது சைக்கிள் தேங்கினால் வருத்தம். பல நாடுகளுக்கு விற்கும் கிடங்கில் தேங்கினால் நிறுவனமே ஆட்டம் காணும்.

விகிள் 2021-இல் பெர்லினின் சிக்னா ஸ்போர்ட்ஸ் யுனைடெட் கைக்குப் போயிருந்தது. அந்த நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. வளர்ச்சிக்கான பணத்துக்கு ஆஸ்திரிய ரியல் எஸ்டேட் அதிபர் ரெனே பென்கோவின் சிக்னா ஹோல்டிங்கை அது நம்பியிருந்தது. 2023 அக்டோபரில் சிக்னா ஹோல்டிங் தருவதாகச் சொன்ன 150 மில்லியன் யூரோவை நிறுத்தியது. அதே மாதத்தில் விகிளும் செயின் ரியாக்‌ஷனும் திவால் நிர்வாகியின் கைக்கு வந்தன. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்தக் கடைகள் பல ஆண்டுகளில் கட்டிய பெயர்களை, ஸ்போர்ட்ஸ் டைரக்டின் தாய்க் குழுமமான ஃப்ரேசர்ஸ் வாங்கி, 2024-இல் தளங்களை மறுபடி திறந்தது. எவன்ஸ் கடைகளும் விகிள் தளமும் அப்படி ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்தன.

இணையம் வழியாக வளர நினைக்கும் சைக்கிள் கடை முதலில் சரக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. செயினும் டியூபும் உறையில் போகட்டும். விலைப் போட்டி அங்கே கடுமை என்பதால் அகலமான கையிருப்பு உள்ளவருக்கே அது கட்டுப்படியாகும். முழுச் சைக்கிளைத் தளத்தில் காட்டிக் கடையில் கொடுப்பது லாபம். தூரத்து ஊருக்கு அனுப்புவதானால் பூட்டும் செலவையும் திரும்பி வரும் செலவையும் விலையிலேயே சேர்க்க வேண்டும், அல்லது அந்த ஊர் மெக்கானிக்கோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். நாடு விட்டு நாடு விற்பவருக்குப் பிரேக் அமைப்பும்கூட வேறுபடும்: பிரிட்டனில் வலக்கை முன் பிரேக்கைப் பிடிக்கும், ஐரோப்பாவின் பெருநிலத்தில் பொதுவாக இடக்கை. மாற்றிக் கட்டாமல் அனுப்பினால் அவசரத்தில் தவறான பிரேக்கை அழுத்தி ஓட்டுபவர் தலைகுப்புற விழ வாய்ப்புண்டு.

இணையத்தில் விற்கக்கூடிய இன்னொன்றும் கடையில் இருக்கிறது: பட்டறையின் நேரம். ஹால்ஃபோர்ட்ஸும் எவன்ஸும் சர்வீசுக்கான முன்பதிவைத் தளத்திலேயே வாங்குகின்றன. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரேக் சரிபார்ப்பு என்று பதிவு செய்தவருக்குப் பெட்டி கட்ட வேண்டாம், சுங்கம் இல்லை, கடல் கடந்த கிடங்கு எதுவும் அந்த வேலையை மலிவாகச் செய்து தர முடியாது.