காதில் கத்தும் வண்டு, கழுத்தில் வைத்தியம்!

இரவுதான் தொல்லை. பகலில் மெஷின் சத்தத்திலும் பஸ் சத்தத்திலும் தெரியாது. விளக்கை அணைத்துப் படுத்ததும் காதுக்குள் சில்வண்டு கத்தத் தொடங்கும். சிலருக்கு விசில், சிலருக்கு 'ஓ'வென்ற இரைச்சல். பக்கத்தில் படுத்திருப்பவருக்கோ ஒன்றும் கேட்காது.

பெங்களூருவில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1884-ல் தொடங்கி, பின்னர் பின்னி கம்பெனி வசமான மில்லில் தறிகளுக்கு நடுவே நின்ற தலைமுறைக்கும் தெரியும். பீன்யாவில் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கும் தெரியும். 90 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் 8 மணி நேரம் வருஷக்கணக்கில் நின்றால், உள்காதின் நுண்ணிய முடிச்செல்கள் அழிந்துபோகின்றன. அவை மீண்டும் முளைப்பதில்லை. அந்தச் சேதத்தைப் பிசியோதெரபியால் சரிசெய்ய முடியாது.

ஆனால், கழுத்திலிருந்து கிளம்பும் இரைச்சலும் உண்டு. கழுத்து, தாடைத் தசைகளிலிருந்து வரும் நரம்புச் செய்திகள், மூளைத்தண்டில் கேள்வி நரம்பின் செய்திகளோடு சேருகின்றன. தசை இறுகினால் அங்கே குழப்பம். இல்லாத சத்தம் கேட்கிறது. நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் தலையை நீட்டி உட்காரும் குமாஸ்தா, தையல் மெஷின்மேல் குனிந்திருக்கும் கார்மெண்ட்ஸ் பெண்கள், தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் ஆகியோருக்கு இது வரக்கூடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

பல்லை அழுத்திக் கடித்தாலோ, கழுத்தை மெதுவாகத் திருப்பினாலோ சத்தம் கூடிக் குறைகிறதா? கழுத்து வலியும் இரைச்சலும் ஒரே காலத்தில் தொடங்கினவா? ஆமென்றால் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். இது ஒரு குறிப்புதான், முடிவல்ல.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர ஆய்வாளர்கள் இத்தகைய 38 நோயாளிகளுக்குக் கழுத்துப் பிசியோதெரபி கொடுத்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். 6 வாரங்களில் 12 முறை சிகிச்சை. முடிந்த கையோடு நூற்றுக்கு 53 பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. மேலும் 6 வாரம் கழித்துப் பார்த்தபோது அது 24 ஆகிவிட்டது. 'அடியோடு போக்குவோம்' என்று போர்டு மாட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைச் சொல்வதில்லை.

சிகிச்சை பெரிய வித்தையல்ல. இறுகிய தசையைக் கையால் தளர்த்துவது, மோவாயை உள்ளிழுக்கும் பயிற்சி, தோள்பட்டைப் பயிற்சி, உட்காரும் முறையைத் திருத்துவது, அவ்வளவே. பயிற்சியை வீட்டிலும் விடாமல் செய்ய வேண்டும். சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பது இதில் சேராது. அதனால் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. காதில் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம்.

முதலில் காது டாக்டர், பிறகுதான் பிசியோதெரபி. விக்டோரியா ஆஸ்பத்திரியில் காட்டலாம். இன்ஷூரன்ஸ் அட்டை உள்ளவர்களுக்கு ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. மில் சத்தத்தால் காது மந்தமாவது சட்டப்படி தொழில் நோய் என்பதால், கேள்வித்திறன் சோதனைச் சீட்டைப் பத்திரப்படுத்துவது நல்லது.

திடீரென ஒரு காது அடைத்துப்போனாலோ, தலைசுற்றல் சேர்ந்தாலோ சம்பள நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். நாடித்துடிப்போடு சேர்ந்து சத்தம் அடித்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.